எங்கள் ஊர் கன்னியர் மடத்தைப் பூட்டிவிட்டார்கள். இனி சிஸ்டர், பிரதர் என்று யாராவது இருப்பார்களா?

#1 கடலோரக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக் காலைப் பூசை முடிவதற்குள் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். போன மாதம் எங்கள் ஊர்க் கன்னியர் மடத்தை மூடினார்கள். கடைசியாக இருந்தவர்கள் மூன்று சிஸ்டர்கள். மூவரில் இளையவருக்கே 61 வயது. ஒரு வேன் வந்தது. மூன்று டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மிஷின், ஒரு மாதா சுரூபம் ஏறியது. சாவியை எங்கள் கோயிலின் பங்குச் சாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்கு மறுநாள்தான் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது சனிக்கிழமை மதியம் அந்த மடத்துப் பின்வாசலில் வரிசையில் நிற்போம். உள்ளே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அப்பம் சுடுவார்கள். எங்கள் பாட்டி அதை ஓஸ்தி என்றுதான் சொல்லும். வட்ட வட்டமாக வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் ஓரத் துண்டுகளைப் பழைய நோட்டுத் தாளில் பொட்டலம் கட்டி ஒரு வயசான சிஸ்டர் தருவார். ருசி என்று ஒன்றும் கிடையாது. நாக்கில் காகிதம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அதற்கு அடிதடி நடக்கும்.

காய்ச்சல் என்றால் மருந்து அங்கேதான். பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு அங்கேதான். கடலுக்குப் போனவன் திரும்பி வராத வீட்டில், சொந்தக்காரன் வருவதற்கு முன்னால் வந்து பாயில் உட்கார்வதும் அவர்கள்தான். சுனாமி வந்த 2004 டிசம்பரில் எங்கள் ஊருக்குப் பெரிய சேதம் இல்லை. இருந்தாலும் இரண்டு சிஸ்டர்கள் மறுநாளே நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறிப் போய் மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பினார்கள்.

கேட்டால் "இறையழைத்தல் குறைந்துவிட்டது, ஆள் இல்லை" என்கிறார்கள். சரி. ஆனால் அவர்கள் சேர்ந்த அதே துறவற சபை ஒரு நகரத்தில் புதிதாக சிபிஎஸ்இ பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கு மட்டும் ஆள் எங்கிருந்து வருகிறது? கோபத்தில்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. உங்கள் ஊரில் நிலைமை எப்படி?

#2 மறைக்கல்வி டீச்சர்

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். எங்கள் அம்மாவுடன் பிறந்தவர்கள் எட்டுப் பேர். அதில் ஒரு சித்தி சிஸ்டர், ஒரு மாமா சாமியார். எனக்கு இரண்டு பிள்ளைகள். என் மகளுக்கு ஒன்று. அந்த ஒன்றையும் மடத்துக்குக் கொடுக்க என் மகள் சம்மதிப்பாளா? நானே சம்மதிக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். பங்கில் இறையழைத்தல் ஞாயிறு கொண்டாடும்போது "அறுவடை மிகுதி, வேலையாட்கள் குறைவு" என்று மன்றாட்டு வாசிப்போம். அடுத்த வீட்டுப் பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" சொல்கிறோம்.

அந்தக் காலத்தில் பத்தாவது முடித்த பெண்ணுக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி, கல்யாணம் அல்லது கன்னியர் மடம். மேலே படிக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும், நாலு ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு மடம்தான் கதவு. பக்தி இல்லை என்று சொல்லவில்லை, பக்தியோடு இதுவும் இருந்தது. இன்றைக்கு அந்தப் பெண் நர்சிங் முடித்துவிட்டு நேரே துபாய் போகிறாள்.

உலகம் முழுக்க இதே கதைதான். 1970 வாக்கில் சுமார் பத்து லட்சம் சிஸ்டர்கள் இருந்தார்கள். வத்திக்கானின் 2023 கணக்கில் ஆறு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அமெரிக்காவில் 1965இல் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர், இப்போது நாற்பதாயிரம் கூட இல்லை. நாம் இன்னும் தேவலாம். எந்த நாட்டிலும் இல்லாத அளவுக்கு இந்தியாவில்தான் சிஸ்டர்கள் அதிகம்.

#3 சும்மா பார்ப்பவன்

கடற்கரை ஓரத்தில் மடம். எத்தனை சென்ட் அண்ணா? 😀

#4 கடலோரக்காரன்

#3 அதுவும் ஊரில் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை.

டீச்சர் அக்கா, உங்கள் கணக்கு சரிதான். ஆனால் ஆள் குறையும்போது முதலில் எதை விடுகிறார்கள் என்பதுதானே கேள்வி? கட்டணம் வாங்காத இடத்தைத்தான் விடுகிறார்கள்.

#5 பழைய மாணவி 72

நான் கிறிஸ்தவர் இல்லை. திருச்சியில் கன்னியர்கள் நடத்திய பள்ளியில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். உள்ளே வரலாம்தானே?

எங்கள் தலைமையாசிரியை ஒரு சிஸ்டர். கைப்பிரம்பு, கோபம், சத்தம் எல்லாம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவருக்கு எப்படித் தெரிந்ததோ, ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பாவிடம் மதம், சட்டம் எதுவும் பேசவில்லை. "பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது, கெடுக்காதீர்கள்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். காப்பியைக் குடிக்காமலேயே போய்விட்டார். நான் வங்கியில் மேலாளராக ஓய்வு பெற்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் பேத்தியைச் சேர்க்க அதே மாதிரி ஒரு பள்ளிக்குப் போனேன். இது வேறு ஊர். சிஸ்டரைப் பார்க்க டோக்கன். கண்ணாடி அறை, இரண்டு கணினித் திரை, ஒரு பக்கம் ஆடிட்டர், ஒரு பக்கம் கட்டட இன்ஜினியர். பாவம், அவர் நல்லவர்தான், முகத்தில் அவ்வளவு களைப்பு. திண்ணைக்கு வர அவருக்கு நேரம் ஏது?

#6 உள்ளே இருந்தவள்

நான் பதினோரு வருஷம் சிஸ்டராக இருந்தேன். இறுதி வார்த்தைப்பாடு, அதாவது ஆயுளுக்குமான துறவற வாக்குறுதி, கொடுப்பதற்கு முன் வெளியே வந்துவிட்டேன். இப்போது கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கல்யாணம் ஆகிவிட்டது. இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

#5 சொன்ன அந்தக் களைப்பு எனக்குத் தெரியும். நான் நவதுறவகத்தில் (புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தரும் மடம்) சேரும்போது கற்பனை செய்தது குடிசை, நோயாளி, செபம். எனக்குக் கிடைத்தது விடுதிக் காப்பாளர் வேலை. காலை நாலரைக்கு எழுந்து தியானம், பூசை, 120 பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பள்ளியில் எட்டுப் பீரியடு, மாலை ஸ்டடி, இரவு கணக்கு நோட்டு. செபத்தில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். கைச்செலவுக்கு மாதம் 200 ரூபாய். நாப்கின், டூத்பேஸ்ட் வாங்க மடத்துத் தலைவி மதரிடம் சீட்டு எழுதிக் கேட்க வேண்டும். ஏழ்மை எனக்குப் பிரச்சினை இல்லை, எங்கள் வீட்டில் அதைவிட ஏழ்மை. முப்பது வயதில் அனுமதி கேட்டுத்தான் அம்மாவுக்குப் போன் பேச வேண்டும் என்பதுதான் தாங்கவில்லை.

ஒன்றைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டோம், நான் திறக்கிறேன். பங்கில் சிஸ்டரின் வேலை என்ன? பீடத்துக்குப் பூ அடுக்குவது, சாமியாரின் உடுப்பைத் துவைத்துத் தேய்ப்பது, முதல் தடவை நன்மை (பூசை அப்பம்) வாங்கும் பிள்ளைகளைத் தயாரிப்பது. முடிவு எடுக்கும் கூட்டத்தில் நாற்காலி ஓரத்தில்தான். 2018இல் கேரளத்தில் ஐந்து சிஸ்டர்கள், பாலியல் புகாருக்கு ஆளான ஒரு ஆயருக்கு (பிஷப்) எதிராகக் கொச்சியில் தெருவில் உட்கார்ந்தார்கள். டிவியில் அதைப் பார்த்தபோது எங்கள் மடத்துச் சாப்பாட்டு அறையில் யாரும் பேசவில்லை. மதர் எழுந்து டிவியை அணைத்தார். அன்றைக்கு ராத்திரி யாரும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். மறு வருஷம் பிப்ரவரியில் பாப்பரசர் பிரான்சிஸே, குருக்களும் ஆயர்களும் கன்னியரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியது உண்டு என்று நிருபர்களிடம் ஒத்துக்கொண்டார்.

#7 சும்மா பார்ப்பவன்

அந்த ஆயரை கோர்ட்டே விடுதலை பண்ணிருச்சே அக்கா.

#8 நெறியாளர்

2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுவித்தது உண்மை. ஆனால் வழக்கின் நியாய அநியாயம் இந்த இழைக்கு வேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது. #3, #7 போன்ற ஒற்றை வரிகளைக் குறைத்துக்கொள்ளவும்.

#9 கரும்பலகை

சிஸ்டர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். தலைப்பில் பிரதர் என்றும் போட்டிருக்கிறீர்களே?

நான் ஒரு பிரதர். 34 வருஷமாக. கல்யாண வீடு, எழவு வீடு, பஸ் ஸ்டாண்டு, எங்கே போனாலும் கேட்கப்படும் ஒரே கேள்வி: "பிரதர், உங்களுக்கு எப்போ பட்டம்?" ஐம்பத்தெட்டு வயதில் போன வாரம்கூட ஒரு பாட்டி கேட்டது. நான் சாமியாராகப் படிக்கவே இல்லை, ஆகப்போவதும் இல்லை என்றால், "என்ன, ஃபெயிலாயிட்டீங்களா?" என்று பாவமாகப் பார்க்கிறார்கள்.

குற்றம் நம் பேச்சிலேயே இருக்கிறது. குருமடத்து மாணவனையும் பிரதர் என்கிறோம், ஆயுள் முழுக்கப் பிரதராக இருக்க வார்த்தைப்பாடு கொடுத்தவனையும் பிரதர் என்கிறோம். முதலாமவன் ரயிலுக்குக் காத்திருக்கிறவன். நான் அந்த ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறவன்.

தமிழ்நாட்டில் பிரதர்மார் செய்தது கொஞ்சமா? அயர்லாந்திலிருந்து பேட்ரிசியன் பிரதர்கள் 1875இலேயே சென்னைக்கு வந்துவிட்டார்கள். ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917. பாளையங்கோட்டையிலேயே பிறந்த திரு இருதய சகோதரர்கள் சபை நூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது. தச்சு, அச்சு, விவசாயம், ஐடிஐ, இப்படிக் கையால் செய்யும் வேலையைச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் பெரும்பாலும் ஒரு பிரதர் இருப்பார். நான் பத்து வருஷம் லேத் மிஷின் சொல்லிக்கொடுத்தேன். என் வலது கைச் சுண்டுவிரலில் ஒரு கணு கிடையாது, அது அந்த மிஷின் வாங்கிக்கொண்டது.

ஆனால் உலகம் முழுக்கச் சேர்த்தால் நாங்கள் இன்று ஐம்பதாயிரம் பேர் கூட இல்லை. பையன் வந்தால் "சும்மா பிரதராக எதற்கு, சாமியாராகவே ஆகிவிடு, மரியாதையும் உண்டு" என்று அவன் அப்பாவே சொல்கிறார். பூசை வைக்காதவன் பாதி ஆள் என்று நம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. குருக்களும் பிரதர்களும் சேர்ந்து இருக்கும் சபைகளில் ஒரு பிரதர் தலைவராக வரக்கூடாது என்றுதான் விதி இருந்தது. 2022 மே மாதம் பிரான்சிஸ் அதைத் தளர்த்தி, வத்திக்கானின் எழுத்து அனுமதி இருந்தால் வரலாம் என்றார். செய்தியைப் படித்துவிட்டு எங்கள் இல்லத்தில் பாயசம் வைத்தோம். அந்த மாற்றம் எங்களுக்குப் பொருந்தாது, எங்கள் சபையில் எல்லோருமே பிரதர்கள்தான். இருந்தாலும் வைத்தோம்.

#10 வரிக்கணக்கு

நான் இரண்டு மறைமாவட்டப் பள்ளிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். நானும் ஒரு செய்தி சொல்கிறேன், இது சிஸ்டர்களின் நிலையை உண்மையிலேயே மாற்றிய விஷயம்.

அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் சிஸ்டருக்கு மற்ற ஆசிரியர்களைப் போலவே அரசுச் சம்பளம் வரும். ஆனால் அவர் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர். திருச்சபைச் சட்டப்படி அந்தப் பணம் சபைக்குத்தான் சேரும். வெள்ளைக்காரன் காலத்தில், 1944இல், இப்படிச் சபைக்குக் கொடுத்துவிடும் துறவியரின் வருமானத்துக்கு வரி வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எழுபது வருஷம் அப்படியே ஓடியது. சுமார் பத்து வருஷத்துக்கு முன் வருமான வரித்துறை விழித்துக்கொண்டு, சம்பளத்திலேயே வரியைப் பிடிக்கச் சொன்னது. சபைகள் கோர்ட்டுக்குப் போயின. "வார்த்தைப்பாடு கொடுத்தவர் உலகத்துக்கு இறந்தவர் மாதிரி, அவருக்கு என்று சொத்தோ வருமானமோ இல்லை" என்பது அவர்கள் வாதம். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது. சம்பளம் யார் பெயரில் வருகிறதோ அவர் வரி கட்ட வேண்டும், அதற்குப் பிறகு அவர் அதை யாரிடம் கொடுக்கிறார் என்பது அவர் விருப்பம். சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கொடுங்கள் என்று அவர்கள் ஆண்டவரே சொல்லியிருக்கிறார், ஆகவே தோற்றதில் வருத்தப்பட இடமில்லை என்று எங்கள் ஆடிட்டர் சிரிப்பார்.

ஒரு நாள் ஒரு சிஸ்டர், ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறது, சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16ஐ வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் வாங்கிய மொத்தச் சம்பளம் பத்து லட்சத்துக்கு மேல். "இவ்வளவா தம்பி?" என்றார். முப்பது வருஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், தொகையைப் பார்த்ததே இல்லை. "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்க அண்ணன் ஆபரேஷனுக்கு அம்பதாயிரம் கேட்டாங்க. எங்கிட்ட ஏதுன்னு சொல்லிட்டேன்" என்றார். அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

#11 மறைக்கல்வி டீச்சர்

#10ஐப் படித்துவிட்டு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

#12 தோலகட்டி நெல்லி

சொந்த ஊர் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது டொரொன்டோவில். எங்கள் பக்கத்தில் துறவியர் என்றால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மட்டும் நினைவுக்கு வராது. தோலகட்டி ஆச்சிரமம் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களோ? தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை. ஆண் துறவிகள். அவர்கள் பள்ளி நடத்தவில்லை, பிரசங்கம் பண்ணித் திரியவில்லை. மௌனம், செபமாலை, தோட்ட வேலை, அவ்வளவுதான். அவர்கள் செய்து விற்ற நெல்லிரசம் யாழ்ப்பாணத்தில் எல்லா மதத்து வீட்டிலும் இருக்கும். வெயில் காலத்தில் விருந்தாளி வந்தால் அம்மா அலுமாரியிலிருந்து அந்தப் போத்தலை எடுப்பா. போர்க்காலத்தில் அந்த இடத்தையும் விட்டு அவர்கள் இடம்பெயர வேண்டி வந்தது.

நான் சொல்ல வந்தது, "சிஸ்டர் என்ன வேலை செய்கிறா, பிரதர் என்ன வேலை செய்கிறார்" என்றே எல்லோரும் கேட்கிறீர்கள். வேலை என்று ஒன்றும் செய்யாமல் செபித்துக்கொண்டு மட்டும் இருக்கிற துறவியும் உண்டு. அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

#13 கடலோரக்காரன்

அண்ணா, அவர்கள் செபித்தார்கள், சரி. ஆனால் நீங்களே நெல்லிரசத்தை வைத்துத்தானே நினைவு வைத்திருக்கிறீர்கள்! 😀

#14 தோலகட்டி நெல்லி

அது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன்.

#15 வாடகை வீட்டுச் சிஸ்டர்

என் அண்ணன் மகள் இந்த இழையின் இணைப்பை அனுப்பி, "அத்தை, உங்களைத்தான் திட்டுகிறார்கள்" என்றாள். முழுவதும் படித்தேன். திட்டு என்று தோன்றவில்லை. சபையின் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

கடலோரத் தம்பிக்கு முதலில். நீங்கள் கேட்ட கேள்வியை எங்கள் சபைக் கூட்டத்தில் நாங்களே கேட்டு அடித்துக்கொள்கிறோம். வயதான சிஸ்டர்கள் எங்கள் மாநிலத்தில் மட்டும் நாற்பது பேர் இருக்கிறார்கள். பென்ஷன் வராதவர்கள் பாதி. மாதம் மருந்துச் செலவே எவ்வளவு என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். நகரத்துப் பள்ளி அந்த மருந்தை வாங்குகிறது. இதை நியாயம் என்று சொல்லவில்லை, காரணம் சொல்கிறேன். அந்தப் பள்ளி கட்டக்கூடாது என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. தோற்றோம்.

எனக்குத் தெரிந்தவரை சிஸ்டரின் வேலை எப்போதும் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பெண்பிள்ளை எழுத்துப் படித்தால் ஊர் தப்பாகப் பேசிய காலத்தில், 1844இல், புதுச்சேரியில் துய்புயி சுவாமிகள் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தவே உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஒரு சபை தொடங்கினார். அப்போது அது புரட்சி. இப்போது அதே வேலையைச் செய்தால் வியாபாரம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியும் அப்படித்தான். துறவியர் மருத்துவம் பார்க்கக்கூடாது, பிரசவம் பார்க்கக்கூடவே கூடாது என்று திருச்சபையில் தடை இருந்தது. ஆஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரி 1920இல் குண்டூருக்கு வந்து சிஸ்டரானபோது, ரோமிலிருந்து தனியாக அனுமதி வாங்கித்தான் நோயாளியைத் தொட முடிந்தது. அந்தத் தடை 1936இல்தான் நீங்கியது. குண்டூர் அன்றைக்கு மதராஸ் மாகாணம். இன்று சிஸ்டர் டாக்டராக இருப்பதும் பிரசவம் பார்ப்பதும் சாதாரணம் என்று நாம் நினைக்கிறோமே, அந்த நினைப்புக்கு வயது நூறு கூட இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவியருக்கு ஓர் ஏடு கொடுத்தது. உங்கள் சபையை நிறுவியவர் எதற்காகத் தொடங்கினாரோ அந்த ஊற்றுக்குத் திரும்பிப் போங்கள், காலத்தையும் பாருங்கள் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகுதான் பல சபைகளில் கனத்த வெள்ளை அங்கி போய்ச் சேலை வந்தது. சேலை சீக்கிரம் வந்துவிட்டது. ஊற்றுக்குத் திரும்புவதுதான் அறுபது வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

நான் இருபத்திரண்டு வருஷம் பள்ளியில் இருந்தேன். ஏழு வருஷமாகச் சென்னைக்கு வெளியே, புறநகரில், மூன்று பேர் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். மாடியில் வீட்டுக்காரர், கீழே நாங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களோடுதான் எங்கள் வேலை. பெல்ஜியத்திலிருந்து வந்த சிஸ்டர் ஷான் தெவோஸ் 1985இல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு ஒரு தேசிய இயக்கம் தொடங்கினார். அந்த வழியைப் பார்த்துத்தான் நாங்களும் இறங்கினோம். சம்பளம் கொடுக்காத வீட்டில் போய்ப் பேசுவது, நகை காணோம் என்று ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனால் கூடவே போய் உட்கார்வது. போன மாதம் அப்படி ஒரு ஸ்டேஷனில் இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தோம். எழுத்தர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், நீங்க ஸ்கூல்ல இல்லையா? என் பொண்ணுக்கு எல்கேஜி சீட்டு வேணும்" என்றார். காணாமல் போன வளையல் மறுநாள் அந்த வீட்டு வாஷிங் மிஷின் ரப்பர் இடுக்கில் கிடைத்தது. அந்தப் பெண்ணிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

#6 சகோதரிக்கு. நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் உண்மை. இப்போது எங்கள் இல்லத்தில் மூன்று பேர் கையிலும் போன் இருக்கிறது, அம்மாவுக்குப் பேச யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கைச்செலவும் கூடியிருக்கிறது. ஆனால் சாமியாருக்கு உடுப்புத் தேய்க்கும் சிஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் போனது எங்களுக்கு நஷ்டம்தான்.

#16 மறைக்கல்வி டீச்சர்

தோத்திரம் சிஸ்டர். நீங்கள் எழுதியதற்கு நன்றி. 2025 ஜனவரியில் துறவியருக்கான வத்திக்கான் துறைக்கே சிமோனா பிரம்பில்லா என்ற சிஸ்டரைத் தலைவியாகப் போட்டார்களே. அப்படி ஒரு துறைக்குப் பெண் தலைமை வருவது அதுதான் முதல் தடவை. அதனால் கீழே ஏதாவது மாறுமா?

#17 வாடகை வீட்டுச் சிஸ்டர்

தோத்திரம் டீச்சர். ரோமில் சிஸ்டர் தலைவியாகிவிட்டார். எங்கள் பங்கில் பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு டீ யார் போடுவது என்று பேச்சு வந்தால் இன்னும் எல்லோரும் எங்களைத்தான் பார்க்கிறார்கள். நான் எழுந்திருப்பதில்லை. போன கூட்டத்தில் உபதேசியார் போட்டார், நன்றாகவே இருந்தது.

#18 உள்ளே இருந்தவள்

சிஸ்டர், நீங்கள் "நஷ்டம்" என்று எழுதியதை என் கணவரிடம் காட்டினேன். வெளியே வந்து இத்தனை வருஷத்தில் சபையிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை வந்ததில்லை. நீங்கள் என் சபையா என்று தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கடலோர அண்ணா, மடத்தில் எதை எதை விட்டுவிட்டுப் போனார்கள்?

#19 கடலோரக்காரன்

சிஸ்டருக்கு நன்றி. மருந்துச் செலவு விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் இருந்த மூன்று பேரும் இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் ஊரிலிருந்து ஒரு வேனில் போய்ப் பார்த்து வரலாம் என்று ஆள் சேர்க்கிறோம்.

தங்கச்சி, நேற்று சாமியாரிடம் சாவி வாங்கிக்கொண்டு நானும் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையும் உள்ளே போய்ப் பார்த்தோம். கட்டில், பெஞ்சு, மருந்து அலமாரி. பின்கட்டில் அந்த அப்பம் சுடும் இரும்பு அச்சு அப்படியே இருக்கிறது, நடுவில் சிலுவை செதுக்கியது. வட்டம் வெட்டும் கருவியும் இருக்கிறது. எங்கள் பங்குக்கு இப்போது அப்பம் பாக்கெட்டில், கூரியரில் வருகிறது. போன வாரம் கூரியர் வரவில்லை, பக்கத்துப் பங்கில் போய்க் கடன் வாங்கினோம். நாமே சுடலாமா என்று சாமியாரிடம் கேட்டேன். கோதுமையும் தண்ணீரும் தவிர வேறு ஒன்றும் சேராமல் இருந்தால் சரி, யார் சுட்டால் என்ன என்றார். உனக்குச் சுடத் தெரியுமா?

#20 உள்ளே இருந்தவள்

தெரியுமாவா? நவதுறவகத்தில் இரண்டு வருஷம் என் வேலையே அதுதான்.

மாவு கட்டியில்லாமல், தோசை மாவைவிட நல்ல நீர்ப்பாக இருக்க வேண்டும். உப்பு, எண்ணெய் எதுவும் கூடாது. அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு கரண்டி ஊற்றி உடனே மூடி அழுத்துங்கள். ஆவி உஸ்ஸென்று வரும், அது நின்றதும் எடுத்துவிட வேண்டும். அடுத்தது முக்கியம்: சுட்ட தாளை உடனே வெட்டினால் நொறுங்கும். ஈரத்துணி மூடி ஒரு ராத்திரி வைத்து, கொஞ்சம் பதமான பிறகு வெட்ட வேண்டும். முதல் நாலைந்து கரியும், பயப்படாதீர்கள்.

#21 கடலோரக்காரன்

முதல் ஒன்பது கரிந்தது. பத்தாவதிலிருந்து பரவாயில்லை. என் மனைவியும் கோயில்பிள்ளை வீட்டுப் பெண்ணும்தான் சுட்டார்கள், நான் அச்சை மூடி அழுத்தினேன். இன்றைக்கு வெட்டும்போது ஓரமெல்லாம் பிசிறடிக்கிறது. கருவியின் விளிம்பு மழுங்கிவிட்டது என்று நினைக்கிறேன். பின்வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள், பிசிறு அவர்களுக்குப் போய்விட்டது.

பிரதர் அண்ணா, நீங்கள் லேத் சொல்லிக்கொடுத்தவர். வட்டமான வெட்டு விளிம்பை எப்படிச் சாணை பிடிப்பது? தூத்துக்குடியில் யாரிடம் கொடுக்கலாம்?

#22 கரும்பலகை

யாரிடமும் கொடுக்காதீர்கள், சாதா சாணைக்கல்லில் வைத்தால் வட்டம் கோணிவிடும். விளிம்பின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், வெட்டும் சரிவு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்த்து ஒரு போட்டோ போடுங்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன்.